வலியை மறுக்கிறார்

டெல்மார் நைகார்டின் உடம்பைப் பற்றி ஸ்ப்ரூஸ் ஹார்பர் மருத்துவமனை எழுதி வைத்திருந்த காகிதங்களையெல்லாம் ஒன்றாகத் திரட்டியபோது அவை டெல்மாரைவிடக் கனமாக இருந்தன. அவற்றை வாங்கிவர அவருடைய மனைவி லவான் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். ஆவண அறையில் இருந்த டார்லா அந்தப் பையைப் பார்த்தாள், லவானின் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போனாள். திரும்பி வரும்போது வாழைப்பழம் வந்த அட்டைப்பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி, மரம் இழுக்கும் குதிரையைப் போல மூச்சுவிட்டுக்கொண்டு வந்தாள்.

"இவ்வளவுமா?" என்றாள் லவான்.

"தூண்டில் முள்ளு மட்டுமே ஒரு பெட்டி. உன் வீட்டுக்காரர் இந்த ஏரியில மீனைப் பிடிச்சதைவிடத் தன்னைத்தானே பிடிச்சுக்கிட்டதுதான் ஜாஸ்தி."

"இதையெல்லாம் கம்ப்யூட்டர்லயே அனுப்ப முடியாதா டார்லா?"

"புதுசெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. அதை நான் இங்கேருந்தே போர்ச்சுகலுக்குத் தட்டி விட்டுடறேன். இது டாக்டர் ஆமண்ட்சன் கையெழுத்து. மெஷினுக்குக் காட்டினா அது மயக்கம் போட்டு விழுந்துடுது. சரி, ஒரு துண்டு எலுமிச்சை கேக் சாப்பிடேன்."

"வேண்டாம், வேண்டாம்."

"காலையிலதான் செஞ்சேன்."

"இப்பத்தான் வயிறு முட்டச் சாப்பிட்டு வந்தேன்."

"சின்னத் துண்டு."

"நீ இவ்வளவு சொல்றதால" என்று லவான் கையை நீட்டினாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

மினசோட்டாவின் வடக்குக் கோடியில், சுப்பீரியர் ஏரிக் காற்றில் பல் கிட்டிக்கொண்டு வாழும் எங்கள் ஜனங்களுக்கு, மூன்றாவது முறை கேட்பதற்கு முன்னால் எதையாவது வாங்கிக்கொள்வது வழிப்பறிக்குச் சமம். முதல் 'வேண்டாம்' மரியாதைக்காக. இரண்டாவது 'வேண்டாம்' அந்த மரியாதைக்குச் செய்யும் மரியாதை. இது தெரியாமல் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுத் தட்டை உள்ளே எடுத்துப் போய்விடும் வெளியூர்க்காரர்களால் இங்கே இடுப்பு இளைத்தவர்கள் உண்டு. ஜார்ஜியாவிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் ஒரே குளிர்காலத்தில் சபையில் பாதிப் பேரைப் பட்டினி போட்டார். அவர் மாற்றலாகிப் போன அன்று ஊரே மூச்சு விட்டது, பிறகு உட்கார்ந்து சாப்பிட்டது.

பெட்டிகள் போர்ச்சுகலில் அவேரோ என்ற ஊருக்குப் போக வேண்டும். நைகார்டுகளின் ஒரே மகள் கிரெட்சன் அங்கேதான் கல்யாணம் செய்துகொண்டு இருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நாமும் அங்கேயே போய்விடலாம் என்று கணவனும் மனைவியும் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். விசா வந்தது. வீடு மினியாபோலிஸ் பல்டாக்டர் தம்பதிக்கு விற்றுப் போனது. கட்டில், மேஜை, சோபா எல்லாம் சர்ச்சுக்குப் போயின. இதற்கிடையில் டெல்மாருக்குப் புரோஸ்டேட்டில் புற்றுநோய் வந்து, அதுவும் இடம் மாற ஆசைப்பட்டு எலும்புக்குக் குடிபோனது. போகாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் லவான் யோசித்தாள். ஆனால் கிரெட்சனுக்கு அடுத்த மாதம் பிரசவம்.

"குழந்தையை ஒரு தடவை கையில வாங்கிட்டாப் போதும்" என்று டெல்மார் சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார். ஐம்பது வருஷத்தில் அந்த மனிதர் கேட்காமல் சொன்னது அந்த ஒன்றுதான் என்பதால், லவான் அன்றைக்கே விமானச்சீட்டு வாங்கிவிட்டாள்.

மிச்சம் இருந்தவை இரண்டு. இவர் விமானத்தில் உட்காரலாம் என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்க வேண்டும். அங்கே போனதும் தொடர்ந்து கொடுப்பதற்கு உருப்படியான வலி மருந்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

"அம்மா, இங்கே ஆஸ்பத்திரியில பேசிட்டேன்" என்று கிரெட்சன் போனில் சொல்லியிருந்தாள். "நீங்க வந்து இறங்கின அடுத்த வியாழக்கிழமை அப்பாவுக்கு நேரம் கொடுத்திருக்காங்க. நல்ல டாக்டர். ஆனா அவங்களுக்கு அப்பாவைத் தெரியாது, காகிதத்தைத்தான் தெரியும். எவ்வளவு வலி, எத்தனை நாளா, என்ன கொடுத்தாங்க, எல்லாம் எழுத்துல இருக்கணும். வலி மருந்து விஷயத்துல ரொம்பக் கண்டிப்பாம்."

"எல்லாம் எழுத்துலதான் இருக்கு. டார்லா முதுகு ஒடியத் தள்ளிக்கிட்டு வந்தா" என்றாள் லவான்.

மேஜை இல்லாததால் இஸ்திரிப் பலகையை விரித்து அதன்மேல் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு, கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து அவள் படிக்க ஆரம்பித்தாள். எதை எடுத்துப் போவது, எதை விடுவது என்று பிரிக்க வேண்டும். தூண்டில் முள் வலது காதில். தூண்டில் முள் இடது புருவத்தில். தூண்டில் முள் பின்பக்கத்தில். எப்படிப் போனது என்று சொல்ல மறுக்கிறார். மீன் இந்த அறையைவிடப் பெரியது என்று நோயாளி தெரிவிக்கிறார். லவான் வாய்விட்டுச் சிரித்தாள். காலியான வீட்டில் அந்தச் சிரிப்பு மாடிக்குப் போய்த் திரும்பி வந்தது.

அடுத்து ஒரு பனிக்காலத்துக் காகிதம். டெல்மார் வாசல்படியில் வழுக்கி விழுந்த நாள். அரிசியில் ஊர்ந்த எறும்பு போன்ற எழுத்தில் டாக்டர் ஆமண்ட்சன் எழுதியிருந்தார்: 'வலி இல்லை என்கிறார். மறுபடி கேட்டேன். இல்லை என்கிறார். மறுபடி கேட்டேன். விலா எலும்பு இரண்டு முறிவு.'

டாக்டர் ஆமண்ட்சன் எங்கள் ஊர்க்காரர். ஓய்வு பெற்று, எலும்பைச் சூடாக்கிக்கொள்ள அரிசோனாவுக்குப் போய்விட்டார். அவருடைய நாற்காலிக்கு டெக்சஸின் எல்பாசோவிலிருந்து டாக்டர் ஓர்டேகா வந்தாள். கெட்டிக்காரி, பொறுமைசாலி, நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுபவள். அவளுடைய காகிதங்களை லவான் பெட்டியின் மேலடுக்கிலிருந்து எடுத்தாள். அச்சடித்த சுத்தமான எழுத்து. ஒவ்வொன்றும் ஒரே மாதிரித் தொடங்கியது: 'இனிமையான எழுபத்திரண்டு வயது மனிதர்.' லவான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வேறு யாருடைய காகிதமாவது கலந்துவிட்டதா என்று மேலே பெயரைப் பார்த்தாள். நைகார்ட், டெல்மார் என்றுதான் இருந்தது. கீழே படித்தாள். 'வலியை மறுக்கிறார். பத்துக்கு இரண்டு.' அடுத்த மாதம்: 'வலியை மறுக்கிறார். பத்துக்கு இரண்டு.' அதற்கடுத்த மாதமும் அதே. உயிர் போகும் வலி பத்து என்றால் இவருக்கு இரண்டு.

அவள் காகிதத்தை இஸ்திரிப் பலகையின்மேல் வைத்தாள்.

இரண்டாம். கோடையிலிருந்து அந்த மனிதர் கயிறு கட்டும் பூட்ஸைத் தொடவில்லை. குனிய முடியாமல் ரப்பர் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, தேவாலயத்துக்கும் அதையே போட்டுக்கொண்டு வந்தார். கடைக்குப் போய்த் திரும்பினால் வண்டியை விட்டு இறங்குவதில்லை. பேஸ்பால் ஆட்டம் முடியட்டும், ரொம்ப இழுபறி என்று ரேடியோவைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் லவான் ஓசைப்படாமல் பக்கத்தில் போய் நின்றாள். ஆட்டம் எப்போதோ முடிந்து, ரேடியோவில் பன்றி இறைச்சியின் விலை நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டெல்மார் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதுகை ஒரு நூல் நகர்த்தத் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தார். லவான் சத்தம் போடாமல் உள்ளே போய்விட்டாள். பார்த்தது தெரிந்தால் அவர் அடுத்த ஆட்டத்தையும் கேட்க வேண்டியிருக்கும்.

இப்போது எழுந்து கராஜுக்குப் போனாள். டெல்மார் வேலை மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரே ஒரு திருப்புளியை வெகுநேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டா?" என்றாள்.

"என்ன ரெண்டு?"

"வலி. பத்துக்கு ரெண்டுன்னு அந்த டாக்டர்கிட்ட சொல்லியிருக்கே."

"ஒண்ணுன்னு சொன்னாப் பொய்யாயிடும்ல."

"உன்னால ஒரு பூட்ஸ் மாட்ட முடியல டெல்மார்."

"ரப்பர் செருப்புதான் இப்ப மோஸ்தர். மினியாபோலிஸ்ல எல்லாரும் போடறாங்க."

"மினியாபோலிஸை நீ கடைசியாப் பார்த்தப்ப அங்கே டிராம் வண்டி ஓடிச்சு. விளையாடாதே. எதுக்கு ரெண்டுன்னு சொன்னே?"

டெல்மார் திருப்புளியைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு எவ்வளவு தன்மையாக் கேட்குது தெரியுமா. வலி எப்படி இருக்கு மிஸ்டர் நைகார்ட்னு. கேட்டதும் கேட்காததுமா 'ஆமா, உயிர் போகுது'ன்னு சொன்னா என்னைப் பத்தி என்ன நினைக்கும்? பரவாயில்லைன்னேன். நம்பர் சொல்லுங்கன்னுச்சு. ரெண்டுன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. டைப் அடிச்சிடுச்சு."

"மறுபடி கேட்கலையா?"

"எல்பாசோக்காரங்க" என்றார் டெல்மார், கொஞ்சமும் கோபமில்லாமல், காது கேட்காத ஒருவரைப் பற்றிச் சொல்வதைப் போல. "ஒரு தடவைதான் கேட்பாங்க. அடிச்சு முடிச்சதுக்கப்புறம் மாத்துங்கன்னா நல்லாவா இருக்கும்? அடுத்த மாசம் போறேன், போன தடவை ரெண்டு, இப்ப எப்படின்னு கேட்குது. திடீர்னு ஏழு எட்டுன்னு சொன்னா, போன மாசம் பொய் சொன்னேன்னு ஆயிடாதா?"

லவானுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதி வழியில் வேறு ஏதோ ஆனது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்கே அந்த டாக்டர் இதைத்தான் படிப்பாங்க. ரெண்டுக்கு என்ன மாத்திரையோ அதைக் கொடுப்பாங்க. நீ குழந்தையைக் கையில வாங்கறதுக்குக் கை தூக்க வேண்டாமா?"

"முதல்ல லெட்டரை வாங்கிடலாம் லவான். ரெண்டுன்னா லெட்டர் வந்துடும். அங்கே போய் மத்ததைப் பார்த்துக்கலாம்."

"அங்கே போய் யார் உன்னை மூணு தடவை கேட்பா?"

டெல்மார் திருப்புளியை எடுத்து மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.

கடிதம் வாங்கப் போன அன்று டெல்மார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். டாக்டர் ஓர்டேகா, நான்கு குளிர்காலம் கடந்தும் இன்னும் அறைக்குள்ளேயே கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டிருந்தவள், கதவு வரைக்கும் வந்து கைகுலுக்கினாள். பிறக்கப்போகும் குழந்தைக்கு என்ன பெயர் வைக்கப் போகிறார்கள் என்று கேட்டாள். கம்ப்யூட்டருக்குத் திரும்பினாள்.

"டாக்டர், ஒரு உதவி செய்யணும்" என்றாள் லவான். "இவரை வலி எப்படி இருக்குன்னு கேட்பீங்கல்ல. அதை மூணு தடவை கேட்கணும்."

"மூணு தடவையா? எதுக்கு?"

"இங்கே அப்படித்தான். காப்பியானாலும் சரி, கேக்கானாலும் சரி. முதல் ரெண்டு தடவை சொல்றது கணக்குல வராது."

டாக்டர் ஓர்டேகா சிரித்தாள். "அதான் விஷயமா. வந்த நாள்லேருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி வேணுமான்னு கேட்கறேன். ஒருத்தர்கூடக் குடிக்கல. இந்த ஊர்ல யாருக்கும் காப்பி பிடிக்காதுன்னு அம்மாவுக்கு எழுதினேன்."

"நீங்க காப்பி கொடுக்காத கஞ்சம்னு ஊர் முழுக்கப் பேச்சு டாக்டர்" என்றார் டெல்மார் ஆறுதலாக.

டாக்டரின் சிரிப்பு மெல்ல அடங்கியது. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். அதற்கப்பால் காத்திருப்போர் அறைக் கதவைப் பார்த்தாள். அங்கே எங்கள் ஊர்க்காரர்கள் வரிசையாக, பரவாயில்லை என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்ப நாலு வருஷமா இவங்க எல்லாரும் என்கிட்ட" என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பினாள். "மிஸ்டர் நைகார்ட், வலி எப்படி இருக்கு?"

"பரவாயில்லை."

"வலி எப்படி இருக்கு?"

"இதைவிட மோசமாவும் இருந்திருக்கலாம்."

டாக்டர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். நாற்காலியை இழுத்து டெல்மாரின் முழங்காலுக்கு எதிரே போட்டுக்கொண்டாள். குல்லாவைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"வலி எப்படி இருக்கு?"

டெல்மார் சுவரைப் பார்த்தார். சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடியும் பொம்மைப் படம் ஒன்று அங்கே மாட்டியிருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் லவானைப் பார்த்தார், மன்னிப்புக் கேட்பதைப் போல.

"ஒன்பது" என்றார்.

டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவில்லை.

"சில நாள் பத்துன்னும் சொல்லலாம்" என்றார் டெல்மார். "ஆனா கடைசித் துண்டை நாம எடுக்கக் கூடாதுல்ல. நிஜமா வேணுங்கறவங்க யாராவது வருவாங்கன்னு விட்டு வெச்சேன்."

லவான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐந்து, ஆறு என்று அவள் மனத்துக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். பன்றி இறைச்சி விலையைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த முதுகு ஒன்பதோடு உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அவளோ உள்ளே போய் உருளைக்கிழங்கு தோல் சீவியிருந்தாள்.

"எப்பலேருந்து?" என்றாள் டாக்டர்.

"ஏரியில பனி உருகினதிலேருந்து."

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டர் அவரைப் படுக்க வைத்து, காலுறையைக் கழற்றி, பாதத்தில் ஊசி முனையால் தொட்டாள். தெரிகிறதா என்று கேட்டாள். தெரிகிறது என்றார். தெரிகிறதா என்றாள். இன்னும் தெரிகிறது என்றார். மூன்றாவது முறை கேட்டபோது, இடது காலில் எதுவுமே தெரியவில்லை என்றார். மதியத்துக்குள் ஸ்கேன் எடுத்தார்கள். சாயங்காலம் அதே அறையில் டாக்டர் படத்தைச் சுவரில் மாட்டி விரலால் காட்டினாள். முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கியிருந்தது. அதற்கடுத்தது நொறுங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஓடும் நரம்பை அது நெருக்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்கே கதிர் சிகிச்சை ஆரம்பிக்கணும். வலிக்கு நிஜமான மருந்து தரேன், இன்னிக்கே. ஆனா விமானம் முடியாது. ஒரு குலுக்கல் போதும், இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிடும். மேலே ஆகாயத்துலயே வேற ஏதாவது ஆனாலும் ஆகலாம்."

"எப்ப முடியும்?" என்றாள் லவான்.

டாக்டர் படத்தைக் கழற்றி உறைக்குள் போட்டாள். அந்தப் பதில் நன்றாகவே புரிந்தது.

"டாக்டர், அந்த ஒன்பதை அழிச்சிட்டு ரெண்டு போட்டுடுங்க" என்றார் டெல்மார். "போன மாசம் ரெண்டு. இந்த மாசமும் ரெண்டு. யாருக்கும் தொந்தரவு இல்ல."

"என்னால முடியாது மிஸ்டர் நைகார்ட். லெட்டர்ல நான் கையெழுத்துப் போட முடியாது." அவள் கண் சிவந்திருந்தது. "ஆனா உங்க பாஸ்போர்ட் உங்க கையில இருக்கு, உங்க சீட்டும் உங்க கையில இருக்கு. நீங்க போய் ஏறினா நான் வந்து மறிக்கப் போறதில்ல. ரெண்டு பேரும் பேசிக்குங்க." கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

டெல்மார் உயரமான படுக்கையில் சாய்ந்திருந்தார். சலவைச் சட்டை கசங்கியிருந்தது.

"போலாம் லவான்" என்றார்.

"வேண்டாம்."

"காலு போனாப் போகட்டும். நடக்கறதுக்கா போறேன். ஒரு நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு வாங்கிக்கறேன். கிரெட்சன் கொண்டுவந்து மடியில வெச்சாப் போதும். போலாமா?"

"வேண்டாம் டெல்மார்."

 வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் அவரைத்தான் மூன்று முறை கேட்டிருக்கிறார்கள். கேட்டுப் பழக்கமில்லாததால் எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. உதட்டை நனைத்துக்கொண்டார்.

"போலாமா?"

லவான் அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இன்றைக்குக் கையில் கடிதம் இருந்திருக்கும். இந்த மனிதர் இரண்டு என்று சொல்லிக்கொண்டே கடலைத் தாண்டியிருப்பார். மேகத்துக்கு மேலே, ஸ்டியரிங்கூட இல்லாத ஒரு இருக்கையில், எதைப் பிடித்துக்கொண்டு என்பதையும் அவள் நினைத்துப் பார்த்தாள். விமானம் ஒரு தடவை குலுங்குவதை நினைத்துப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள்.

மூன்றாவது முறையும் மறுத்தால் அது நிஜமான மறுப்பு. அதற்கு மேல் எங்கள் ஊரில் கேட்க மாட்டார்கள். டெல்மாரும் கேட்கவில்லை. தலையை ஆட்டினார். "சரி" என்றார். பக்கத்தில் கிடந்த தொப்பியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு நூலை எடுக்க ஆரம்பித்தார். நூல் எதுவும் இல்லை.

பல்டாக்டர் தம்பதிக்குச் சொன்ன தேதியில் வீட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். ஏரிக்கரையில் இருந்த முதியோர் இல்லத்தில் டெல்மாருக்குச் சன்னலோரப் படுக்கை கிடைத்தது. லவானுக்கு அதே அறையில் ஒரு மடக்குக் கட்டில். போர்ச்சுகலுக்கென்று கட்டிய பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கி, மேலே விளக்கை வைத்துக்கொண்டாள். சர்ச் பெண்கள் உருளைக்கிழங்கும் கறியும் போட்டுச் சுட்ட பதார்த்தத்தைக் கொண்டுவந்து குவித்ததில் இல்லத்தின் குளிர்ப்பெட்டிக் கதவைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டியதாயிற்று. மருந்து வேலை செய்தது. டாக்டர் ஓர்டேகா சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் வந்து உட்காருவாள். மூன்று முறை கேட்பாள். மூன்று முறையும் டெல்மார் இரண்டு என்றார். இப்போது அது உண்மை. ஆனால் அந்த இரண்டுக்கு விலையாக நாளில் பெரும்பகுதியைத் தூக்கம் எடுத்துக்கொண்டது. விழித்திருக்கும் நேரத்தில் ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். போக முடியாமல் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. லவான் அதற்காகக் காத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

விமானச்சீட்டை ரத்து செய்தாள், தபால் முகவரியை மாற்றினாள், காப்பீட்டுக்காரர்களோடு போனில் சண்டை போட்டாள். ஒன்றை மட்டும் மறந்துபோனாள். டார்லா சொன்னபடியே கம்ப்யூட்டர் காகிதங்களைத் தட்டிவிட்டிருந்தாள். ஒன்பது எழுதிய காகிதமும், ஸ்கேன் படமும், எல்லாம் இவர்களுக்கு முன்னால் கடல் தாண்டிப் போய், அவேரோ மருத்துவமனையில் டெல்மார் நைகார்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை காலையில் கிரெட்சன் போன் செய்தாள். அங்கே அப்போது சாயங்காலம்.

"அம்மா, இன்னிக்கு அப்பாவோட அப்பாயிண்ட்மெண்ட்."

"ஐயோ, மறந்தே போச்சு கிரெட்சன். சொல்லி நிறுத்தியிருக்கணும்."

"நான் போனேன்."

"இந்த வயித்தைத் தூக்கிக்கிட்டா? போன்ல சொன்னாப் போதாதா?"

"போன்ல சொல்லலாம்னுதான் நினைச்சேன். நம்பர்கூட அழுத்தினேன். அப்புறம் எப்படியோ பஸ் ஏறிட்டேன். அங்கே போய் ஜன்னல்ல சொல்லிட்டு வந்துடலாம்னு. கூட்டம். கால் வீங்கிப் போச்சு, கொஞ்சம் உட்கார்ந்தேன்." கிரெட்சன் நிறுத்தினாள். மூச்சு விடும் சத்தம் கேட்டது. "நர்ஸ் வந்து அப்பா பேரைக் கூப்பிட்டா. அவங்க வாய்ல அது என்னமோ மாதிரி வருது. தெல்மார், தெல்மார்னு. எனக்கு முதல்ல புரியல. எல்லாரும் சுத்தி முத்தும் பார்க்கறாங்க, யாரு தெல்மார்னு. யாரும் எழுந்திரிக்கல. மறுபடி கூப்பிட்டா."

லவான் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நான் எழுந்து நின்னேம்மா."

"சரி."

"உள்ளே கூட்டிட்டுப் போனாங்க. அந்த டாக்டர் வயசானவங்க. எல்லாத்தையும் படிச்சு வெச்சிருந்தாங்க, ஒரு எழுத்து விடாம. அப்பாவுக்காக நாற்காலியை எடுத்துட்டுச் சாய்ஞ்சு படுக்கற மாதிரி ஒண்ணு போட்டு வெச்சிருந்தாங்க. முதுகுக்கு நல்லதுன்னு. அவர் எங்கேன்னு கேட்டாங்க. வரலைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவங்களே புரிஞ்சுக்கிட்டாங்க. பக்கத்துல வந்து என் வயித்துல கையை வெச்சாங்க." கிரெட்சன் அழுதாள். சின்ன வயதில் அழுததைப் போல, வாயை மூடிக்கொண்டு, மூக்கால். "அம்மா, அப்பா முழிச்சிருக்காரா? ஒரு நிமிஷம் கொடேன்."

லவான் திரும்பிப் பார்த்தாள். டெல்மார் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பலாம். எழுப்பினால், வலியின் மேல் மருந்து போட்டிருந்த மூடி கொஞ்சம் விலகும்.

"தூங்கறார்" என்றாள். "பரவாயில்ல, நீ பேசு. காதுகிட்ட வெக்கறேன்."

"கேட்குமா?"

"நீ பேசு கிரெட்சன்."

அவள் மடக்குக் கட்டிலிலிருந்து எழுந்து, படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்து, போனை டெல்மாரின் காதில் வைத்தாள். உள்ளேயிருந்து மகளின் குரல், வார்த்தை பிரியாமல், ஒரு ரீங்காரமாகக் கேட்டது. குரல் நின்றது, மறுபடி தொடங்கியது. டெல்மாரின் இமை ஒரு முறை அசைந்ததா என்று லவானால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சன்னலுக்கு வெளியே ஏரியில் அலை எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது. கிரெட்சன் பேசிக்கொண்டே இருந்தாள். லவானுக்குக் கை வலித்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.